கொறடாவுக்குப் போட்ட ஊசி

சட்டமன்றக் கட்டடத்தின் பின்பக்கம் பதினாலாம் எண் அறை என்று ஒன்று இருக்கிறது. கதவில் ‘உறுப்பினர் நல மையம்’ என்று பித்தளைப் பலகை. நலமாவது ஒன்றாவது, அங்கே நடப்பது ஊசி போடுகிற வேலை. முக்கியமான வாக்கெடுப்பு நாட்களில் காலை ஏழரை மணிக்கே வெள்ளைச் சட்டைகள் வரிசையில் நின்றுவிடும். ஆளுக்கொரு டோக்கன். இடது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும், ஊசி போட்டதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும். வெளியே வந்தால் மெதுவடையும் காபியும் தயார். மருந்து நெடியும் எண்ணெய் நெடியும் கலந்து வருகிற அந்த இடத்துக்கு வந்தாலே திருமேனிக்கு வயிற்றைப் புரட்டும். ஆனால் வராமல் முடியாது. ஆளுங்கட்சியான மக்கள் பேரவைக்கு அவர்தான் கொறடா. கட்சி எப்படி வாக்களிக்கச் சொல்கிறதோ அப்படி நூற்றுச் சொச்சம் பேரையும் வாக்களிக்க வைப்பது அவர் தலையில் விழுந்த வேலை. ரேஷன் கடைக்காரர் மாதிரி வாசலில் நின்று எண்ணைக் கூப்பிடுவார்.

அன்றைக்கு வரிசையில் ஒரு புதுமுகம். இடைத்தேர்தலில் ஜெயித்து வந்த செம்பருதி. டோக்கனைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே நின்றாள்.

“அண்ணே, இதைப் போட்டா நெசமாவே நம்பிருவமா?”

“நம்பாமப் பேசுனா நெத்தியில சிவப்பு எரியும்மா. மூணு சிவப்பு விழுந்தா பதவி போச்சு. தெரியும்ல?”

“அது தெரியும். நம்புனதுக்கப்புறம் என்ன ஆவும்?”

“ஒண்ணும் ஆவாது. பொழுது சாயுறதுக்குள்ள எறங்கிரும். நாளைக்கு நீ பழைய செம்பருதிதான்.”

“அப்ப இன்னைக்குப் பேசுறது யாருண்ணே?”

“ஊசி” என்றார் திருமேனி, அடுத்த எண்ணைக் கூப்பிட்டபடி.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் வந்தது மெய்ப்பட்டைச் சட்டம். அரசியல்வாதிகளின் பொய்யைக் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குக் காது புளித்துப்போயிருந்த காலம். வாய் ஒன்று சொல்லி மனசு வேறொன்று நினைத்தால் மூளையில் உண்டாகும் தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்கிற பட்டை ஒன்றை யாரோ செய்துவிட்டார்கள். நெற்றியில் கட்டிக்கொள்ள வேண்டும். நினைத்ததைச் சொன்னால் நடுவில் இருக்கும் விளக்கு பச்சையாக எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. சட்டமன்றத்தில் மட்டுமல்ல, ஐம்பது பேருக்கு மேல் கூடிய எந்த மேடையில் உறுப்பினர் மைக்கைப் பிடித்தாலும் பட்டை கட்டாயம். முதல் நாள் ஒரே அமர்வில் நாற்பத்தொரு சிவப்பு விழுந்தது. ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள். பொட்டு வைப்பதையே மூடநம்பிக்கை என்று முழங்கிய கட்சிக்காரர்கள் வேர்க்க விறுவிறுக்க நெற்றியில் சிவப்போடு வெளியே வந்த காட்சியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

அந்தச் சந்தோஷம் மூன்றே மாதம். பொய் சொல்ல முடியாவிட்டால் என்ன, பொய்யை நம்பிவிட்டால் தீர்ந்தது என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசனை சொன்னான். ஊசி வந்தது. அன்றிலிருந்து எல்லார் நெற்றியிலும் பச்சைதான். அதோடு போயிற்றா? பழி போட ஓர் ஆளும் கிடைத்துவிட்டது. தன் ஊர் ஏரியைக் கல்குவாரிக்காரனுக்கு எழுதிக் கொடுக்க ஆதரித்துப் பேசிய உறுப்பினர், மறுநாள் ஊருக்குப் போய், “அது நான் பேசலப்பா, ஊசி பேசுச்சு” என்பார். ஊரும் தலையாட்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கதைதான். இந்த வெட்கங்கெட்ட பிழைப்பைப் பார்த்துப் பார்த்துத் திருமேனிக்குக் குமட்டல் ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. தன்னை அந்தக் கூட்டத்தில் சேர்க்காமல் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டதால்தான் அவர் பிழைப்பு ஓடியது.

அன்றைக்கு அவரும் சட்டைக்கையைச் சுருட்ட வேண்டியிருந்தது.

மூன்று நாட்களுக்கு முன்னால் முதல்வர் பூவேந்தன் வீட்டுக்குக் கூப்பிட்டு விட்டிருந்தார். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாம்பழக் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தார். சாறு மணிக்கட்டில் இறங்கி முழங்கைவரை ஓடியது. துடைக்கவில்லை.

“இருவர் மணப் பதிவு மசோதா வருது, திருமேனி. ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கட்டிக்கிட்டா அதையும் பதிவு பண்ணணும்னு கூட்டணிக்காரன் கொண்டு வாரான். நாம தோக்கடிக்கணும்.”

“நம்ம கட்சிதானண்ணே ஐயர் இல்லாம, மந்திரம் இல்லாம கல்யாணம் பண்ணலாம்னு ஊர் ஊரா நடத்திக் காட்டுச்சு? ‘யாரை யார் கட்டிக்கொள்வது என்று சொல்ல மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை’ன்னு நிறுவனர் சொன்னது தலைமை அலுவலகச் சுவத்துல இருக்குதே.”

“இருந்துச்சு. வெள்ளையடிக்கறப்பப் போயிருச்சு.” பூவேந்தன் கொட்டையைத் தட்டில் போட்டார். “உள்ளாட்சித் தேர்தல் வருதுய்யா. தாய்மாருக ஓட்டுப் போயிருங்குறானுங்க. உன் மக விஷயம் எனக்குத் தெரியும். அதான் உன்னைக் கூப்பிட்டேன்.”

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார். நன்மொழி அவருக்கு ஒரே மகள். தூத்துக்குடியில் கால்நடை மருத்துவர். நான்கு வருடங்களாக ஜெசிந்தாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். ஜெசிந்தா துறைமுகத்தில் பைலட், கடலில் நிற்கிற கப்பலில் ஏறி அதைப் பத்திரமாக உள்ளே கூட்டி வருகிற வேலை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது நன்மொழி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஊர்ல ஆயிரத்து நானூறு கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியிருக்கீங்க. எனக்கும் நீங்கதாம்ப்பா மாலை எடுத்துக் குடுக்கணும்.” அது உண்மை. கட்சித் தொண்டன் வீட்டுக் கல்யாணம் என்றால் திருமேனிதான். முப்பது வருடமாக மைக் பிடித்து, வாழ்த்தி, தட்டிலிருந்து மாலையை எடுத்துக் கொடுத்து நடத்தி வைத்திருக்கிறார். “குடுக்கேன் தாயி” என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்தார். எப்பேர்ப்பட்ட அப்பன் நான் என்று ஒரு வாரம் மிதந்தார்.

“அண்ணே, அன்னைக்குக் காய்ச்சல்னு படுத்துக்கிறட்டுமா?”

“தாராளமாப் படு. ஆனா தேர்தல் முடிஞ்சதும் மந்திரிசபைய மாத்துறேன். படுத்துக் கெடக்குறவனை எழுப்பி எப்படி மந்திரியாக்குறது?” பூவேந்தன் இப்போதுதான் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். “நீயே எந்திரிச்சுப் பேசு. சொந்த மக விஷயத்துலயும் கொள்கை மாறாதவன்னு பேரு நிக்கும். ஊசி இருக்கு, அப்புறம் என்ன? மகளுக்கு அது தெரியாதா?”

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் மகளுக்குப் பேசினார். முதல்வர் சொன்னதைச் சொன்னார். நன்மொழிக்குப் பின்னால் ஏதோ ஆட்டுக்குட்டி கத்தியது.

“வெளிநடப்புப் பண்ண முடியாதாப்பா?”

“நான் கொறடா தாயி. நானே மீறுனா மத்தவனை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?”

“சரிப்பா. ஊசிதான.”

அந்த இரண்டு வார்த்தையில் அவருக்கு எவ்வளவு நிம்மதி வந்தது என்று நினைத்தால் இப்போதுகூட அவருக்கே அசிங்கமாக இருக்கும்.

பதினாலாம் அறையில் ஊசி போடுகிறவர் ஆரோக்கியம் சிஸ்டர். முடியெல்லாம் நரைத்த, அதிகம் பேசாத பெண்மணி. கொறடாவே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு கணம் நின்றார். “நீங்களுமா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பஞ்சால் துடைத்தார். ஊசி இறங்கியது கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

காதுக் கருவியில் ஒரு பெண்குரல் இதமாகப் பேசியது. மூச்சை இழுத்து விடச் சொன்னது. மசோதா ஏன் கூடாது என்று அடுக்கியது. பிறகு, “உங்களுக்கு அருவருப்பூட்டும் ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்” என்றது.

திருமேனிக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. போன பொங்கலன்று வீட்டில் எல்லோரும் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா அவரை “மாமா” என்று கூப்பிட்டு ரசம் ஊற்றச் சொன்னாள். அந்த ‘மாமா’வே அவருக்குத் தொண்டையில் சிக்கியது. அப்போது அவள் வாயோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. நன்மொழி பேச்சை நிறுத்தாமலே விரலால் அதை எடுத்துத் தன் இலையோரத்தில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. நெஞ்செரிச்சல் என்று சொல்லிப் பாதியில் எழுந்து போனார். வயதான மனுஷனுக்கு உண்டாகிற கூச்சம், வேறென்ன என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பதினொன்றரை மணிக்கு அவையில் எழுந்தார். மசோதாவைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். பச்சை. குடும்பம், பண்பாடு என்றார். பச்சை. அதோடு உட்கார்ந்திருக்கலாம். எழுதிக் கொடுத்திருந்த உரை அவ்வளவுதான். ஆனால் வாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“என் கண்ணால பார்த்ததைச் சொல்றேன், பேரவைத் தலைவர் அவர்களே. ஒரு பொண்ணு வாயோரத்துல ஒட்டியிருந்த சோத்துப் பருக்கைய இன்னொரு பொண்ணு விரலால எடுத்தா. கட்டுன பொண்டாட்டி புருஷனுக்குச் செய்யுற மாதிரி, அத்தனை உரிமையா எடுத்தா. எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. தின்ன சோறு எறங்கல. இதுக்கு ஒரு பதிவேடு, இதுக்கு ஒரு சான்றிதழ், கேக்கவே அருவருப்பா இருக்கு.”

அவர் நெற்றிப் பச்சை முன்வரிசை மேசைகளின் கண்ணாடியில்கூடத் தெரிந்ததாம். அவ்வளவு அழுத்தமான பச்சையை இந்த அவை கண்டதில்லை என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. மேசைகளைத் தட்டினார்கள். பின்னாலேயே செம்பருதி எழுந்து இரண்டு வாக்கியம் பேசினாள், இரண்டாவதில் சிவப்பு விழுந்துவிட்டது. திருமேனி எல்லார் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டு, ‘மருந்தளவு போதவில்லை’ என்று வழக்கம்போல் குறிப்பு எழுதி அனுப்பினார். மசோதா மூன்றே வாக்கில் தோற்றது. பதினாலாம் அறை வாசலில் மிச்சமிருந்த வடையைத் தின்றபடி எல்லோரும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். எண்ணெய்க் கைகள். சட்டையில் கறை விழுந்தது.

வீட்டுக்குப் போனபோது மனைவி பாக்கியம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசையக் கொண்டுபோய்ச் சட்டசபையில போட்டுட்டீங்களே.”

“நான் என்ன செய்ய பாக்கியம். ஊசி.”

“ஊசி நம்ம வீட்டுக்குப் பொங்கலுக்கு வந்துச்சா?”

காபி ஆறிப்போனது.

மறுநாள் காலையில் நன்மொழியே பேசினாள். குரல் அடைத்திருந்தது. ராத்திரியெல்லாம் அழுதிருக்க வேண்டும்.

“எறங்கிருச்சாப்பா?”

“எறங்கிருச்சு தாயி.”

“நீங்க பேசுனதுல எனக்குக் கோவமில்ல. எல்லார்ட்டயும் அதான் சொல்லிட்டு இருக்கேன். எங்கப்பா பேசல, ஊசி பேசுச்சுன்னு. ஆனா அந்தப் பருக்கை... அது ஊசிக்கு எப்படிப்பா தெரியும்?”

“அது அப்படித்தாம்மா. உள்ள கெடக்குற நல்ல ஞாபகத்தையெல்லாம் தோண்டி எடுத்து, திரிச்சு விட்டுரும். விஷம்ல அது.”

“அப்ப சரிப்பா” என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். கேட்டதும் நம்பினாள். நம்ப வேண்டும் என்று காத்திருந்தவள் போல நம்பினாள். “பதிவுதான் இல்லாமப் போச்சு, பந்திக்கு யார் தடை போட முடியும்? ஆவணி கடைசியில வச்சுக்கிறோம். நீங்க வந்து மாலை எடுத்துக் குடுக்கணும். ஒரே ஒரு சிக்கல், ஜெசியோட அம்மா.”

ஜெசிந்தாவின் அம்மா விக்டோரியா டீச்சர் முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எதற்கும் அத்தாட்சி கேட்பவர். அவர் சொல்லிவிட்டாராம்: “என் புள்ளைய அசிங்கம்னு சொன்ன வாயி மேடையில ஏறணும்னா, அன்னைக்கு முழு மருந்து ஏத்துனதா டாக்டர் சீட்டுக் கொண்டு வரச் சொல்லு. பட்டதாரி ஆசிரியர் மெடிக்கல் லீவு போட்டாலே சீட்டுக் கேப்பாங்க, இதுக்குக் கேக்கக் கூடாதா?”

திருமேனிக்கு அது நியாயமாகவே பட்டது. சீட்டு வாங்கிக் காரியத்தை முடிப்பது அவருக்குப் பழக்கமானதுதானே. பரிந்துரைக் கடிதம், சிபாரிசுச் சீட்டு, நன்னடத்தைச் சான்று, இவற்றிலேயே ஆயுசைக் கழித்தவர். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பிற்பகல் பதினாலாம் அறைக்குப் போனார். அவை இல்லாத நாள். ஆரோக்கியம் சிஸ்டர் தனியாக உட்கார்ந்து இருப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் ஓய்வு பெறப்போகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“சிஸ்டர், ஒரு சின்ன உதவி. அன்னைக்கு எனக்கு முழு அளவு மருந்து ஏத்துனதா ரெண்டு வரி எழுதி முத்திரை போட்டுத் தாங்க. சம்பந்தி வீட்டுல காட்டணும்.”

சிஸ்டர் பெட்டியை மூடினார். “அது முடியாது சார்.”

“ரகசியம்கிறீங்களா? நானே கொறடா. நான் உத்தரவு தாரேன்.”

“ரகசியத்துக்காகச் சொல்லல. பொய் எழுதிப் பழக்கமில்ல. ஓய்வு பெறப்போற நேரத்துல அதை ஆரம்பிக்கணுமா?”

திருமேனிக்குப் புரியவில்லை. சிஸ்டர் ஒரு சின்னக் குப்பியை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தார். ஆஸ்பத்திரிகளில் குளுக்கோஸ் பாட்டிலோடு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி சாதாரணக் குப்பி.

“முதல் வருஷம் நெசமான மருந்துதான் போட்டோம். ரெண்டு பேருக்கு வலிப்பு வந்துச்சு. ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டிய யாருன்னு கேட்டாரு. கம்பெனிக்காரன் பயந்துபோய் அனுப்புறத நிறுத்திட்டான். அடுத்த சரக்கு வர்ற வரைக்கும் உப்புத் தண்ணியப் போட்டு ஓட்டுங்கன்னு அப்ப இருந்த டாக்டர் சொன்னாரு. சரக்கு வரவே இல்ல. அவரும் வேலைய விட்டுப் போயிட்டாரு. எட்டு வருஷமாச்சு சார்.”

“என்ன சொல்றீங்க? எல்லாருக்கும் பச்சை எரியுதே.”

“எரியுது. எனக்கும் முதல்ல ஆச்சரியமா இருந்துச்சு. பட்டைக்கு ஊசி போட்டானா போடலையான்னு தெரியாது. மனசுல இருக்கா இல்லையான்னுதான் தெரியும். இவங்க மனசுல அது ஏற்கெனவே இருக்கு. வெளிய சொல்ல வெக்கப்படுறாங்க. ஊசி போட்டாச்சு, இனிமே பழி நம்ம மேல இல்லன்னு ஒரு தைரியம் கெடச்சா, தானா வந்துருது.”

“அப்ப சிவப்பு விழுந்தவங்க?”

“வருஷத்துக்கு ரெண்டு பேரு விழுவாங்க. அவங்களுக்கு மனசுல இல்ல, அதான். மருந்தளவு போதலன்னு நீங்கதான எழுதி அனுப்புவீங்க.”

செம்பருதியின் முகம் ஞாபகம் வந்தது. எல்லார் முன்னாலும் அந்தப் பிள்ளையைக் கடிந்துகொண்டது ஞாபகம் வந்தது. திருமேனி குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. தண்ணீர்தான். எட்டு வருடமாக அந்த வரிசையைப் பார்த்துத் தனக்கு வந்த குமட்டல் எல்லாம் இப்போது மொத்தமாகத் திரும்பி வந்து தன் மேலேயே விழுந்தது. நன்மொழி எடுத்த பருக்கை. அதைப் பார்த்து வந்த அருவருப்பு. அதை யாரும் ஏற்றவில்லை. அவருடையதே. அவர் வீட்டில், அவர் இலை முன்னால், அவர் வயிற்றிலிருந்து வந்தது. அதைக் கொண்டுபோய் மைக்கில் துப்பிவிட்டு, விஷம் விஷம் என்று பெற்ற மகளிடமே நடித்திருக்கிறார். சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று தோன்றியது.

தோன்றி என்ன? எழுந்து கதவருகே போனதும் அவர் கேட்டது இதைத்தான்: “சிஸ்டர், இது வெளிய போவாதுல்ல?”

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நான் எதுக்கு சார் சொல்லப் போறேன். நீங்க சொன்னாத்தான் உண்டு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்.

அந்தப் பத்து நாளும் நன்மொழி தினமும் பேசினாள். மாலைக்குச் சம்பங்கியா ரோஜாவா, பந்தியில் பருப்புப் பாயசமா சேமியாவா, அம்மாவுக்கு என்ன நிறத்தில் சேலை. எல்லாவற்றுக்கும் திருமேனி பதில் சொன்னார். சீட்டு என்ன ஆயிற்று என்றபோது, விதிப்படி தர மாட்டேன் என்கிறார்கள் என்றார். “போகட்டும்ப்பா, எங்கப்பா சொன்னா எனக்குப் போதும்னு டீச்சர்ட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. மகளை வாழ்த்த மனசில்லாத அப்பன் உலகத்தில் உண்டா, இத்தனை கல்யாணத்தில் எரிந்த பச்சை அங்கே மட்டும் எரியாமல் போகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

கல்யாணம் தூத்துக்குடியில், துறைமுகச் சாலையில் இருந்த ஒரு மண்டபத்தில் காலை பத்து மணிக்கு நடந்தது. இருநூறு பேர் வந்திருந்தார்கள். துறைமுக ஊழியர்கள், மாடு வளர்ப்பவர்கள், விக்டோரியா டீச்சரிடம் படித்தவர்கள். கட்சிக்காரர்களும் கொஞ்சம் பேர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தொகுதி உறுப்பினர் மனைவியோடு வந்திருந்தார். நன்மொழி மயில்கழுத்து நிறப் பட்டில் இருந்தாள். ஜெசிந்தா வெள்ளைச் சேலை. இருவரும் மேடையில் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர் கையில் எவர்சில்வர் தட்டைக் கொடுத்தார்கள், இரண்டு சம்பங்கி மாலைகளோடு. பாக்கியம் மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். திருமேனி நெற்றிப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

மனப்பாடமான வாழ்த்துதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடங்கலில்லாமல் வரும்.

“அன்பார்ந்த பெரியோர்களே, இன்று இல்லறம் ஏற்கும் இந்த இருவரும் எல்லா வளமும் பெற்று வாழ மனமார வாழ்த்துகிறேன்.”

எதிரே இருந்த முகங்கள் சட்டென்று மாறின. ஒருத்தரும் கை தட்டவில்லை. தன் நெற்றி தனக்குத் தெரியாதே. அவர் குனிந்தபோதுதான், மாலைகளுக்கு நடுவில் தெரிந்த தட்டின் பளபளப்பில் அது தெரிந்தது. சிவப்பு.

விக்டோரியா டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். நன்மொழி ஓர் அடி அருகே வந்து, மைக்கில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள்.

“பட்டை கெட்டுப்போச்சாப்பா?”

ஆமாம் என்றால் போதும். அவள் நம்புவாள். எழுந்து நிற்கிற டீச்சரிடம் அவளே போய்ச் சொல்லுவாள், பட்டை பழுது, எங்கப்பா மனசு பழுது இல்லை என்று. முதலில் ஊசி, இப்போது பட்டை. அப்பனுக்காக ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கைத் தேடி எடுத்து நீட்டுகிறாள். நாலு மாதமாக அந்தக் கையிலிருந்து வாங்கித் தின்றாயிற்று. இன்னொன்றை வாங்க நினைத்தபோது திருமேனிக்கு உண்மையாகவே ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

“பட்டை கெடல தாயி” என்றார். மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. “அன்னைக்கு எனக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி. எனக்கு மட்டுமில்ல, எட்டு வருஷமா எங்க எல்லாருக்கும் அதான். ஊசின்னு ஒண்ணு கெடயாது. சட்டசபையில பேசுனது நாந்தான்.”

தட்டில் இப்போது பச்சை தெரிந்தது.

மூன்றாவது வரிசையில் பக்கத்துத் தொகுதி உறுப்பினரின் மனைவி மெல்லத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியம் மைக்கை இறக்கவில்லை.

“எப்பத் தெரியும்ப்பா?” என்றாள் நன்மொழி.

“பத்து நாளாச்சு.”

“பத்து நாளும் பேசுனீங்களே. பாயசம் எல்லாம் கேட்டேனே.” அவள் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதோ முகவரி விசாரிக்க வந்த ஆளைப் பார்ப்பது போல. “இப்ப வாழ்த்த வந்தீங்களே, அதுவும் மனசுல இல்லையாப்பா?”

“இருக்குன்னு நெனச்சேன் தாயி.” பச்சை. “இல்லை போல.” அதற்கும் பச்சை.

ஜெசிந்தா வந்து அவர் கையிலிருந்த தட்டைப் பிடித்தாள். கோபமாகப் பிடுங்கவில்லை. கப்பலில் ஏறி இறங்கிக் காய்ப்பேறிய கை.

“குடுங்க சார்” என்றாள்.

‘மாமா’ என்று அவள் கூப்பிட்டது அவர் தொண்டையில் சிக்கிய நாளை நினைத்துக்கொண்டே தட்டைக் கொடுத்தார். அவள் அதைக் கீழே ஒரு நாற்காலியில் வைத்தாள். ஆளுக்கொரு மாலையை அவர்களே எடுத்தார்கள், அவர்களே போட்டுக்கொண்டார்கள். விக்டோரியா டீச்சர்தான் முதலில் கை தட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. திருமேனி பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடையின் பின்படி வழியாக இறங்கினார். பையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பூவேந்தனாக இருக்கும். இல்லாவிட்டால் எட்டு வருடமாக ஊசியின் மேல் பழி போட்டு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்ட எவனாவது இருக்கும். எடுக்கவில்லை.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. யாரும் இருக்கவும் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போகக் கூடாது என்பது முப்பது வருடப் பழக்கம். கால்கள் தாமாகப் பந்திக்கு நடந்தன. கடைசி இலையில் உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றினார்கள், ரசம் ஊற்றினார்கள், பருப்புப் பாயசம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் மோர் வாங்கக்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லாவற்றையும் சாப்பிட்டார். ருசி எதுவும் தெரியவில்லை.

எழுந்து போய்க் கை கழுவினார். தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். வாயோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. காய்ந்து போயிருந்தது, வெகுநேரமாக அங்கேயே இருந்திருக்க வேண்டும். பந்தியில் எதிரும் பக்கமுமாக நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.